சுண்டெலி சீரத்தில் இல்லாததை நான் அளந்த கதை

54, 46. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டும் சுண்டெலி சீரத்தில் (இரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிநீரில்) ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை பிகோகிராம் பி.டி.என்.எஃப். என்ற கணக்கு. 54 என்பது சும்மா கூண்டில் இருந்த பத்து சுண்டெலிகளின் சராசரி. 46 என்பது தினமும் இரண்டு மணி நேரம், 21 நாள், அசைய முடியாத குழாய்க்குள் இருந்த பத்தின் சராசரி. மன அழுத்தம் கொடுத்தால் பி.டி.என்.எஃப். குறையும் என்று எதிர்பார்த்தோம், குறைந்தது. வித்தியாசம் தற்செயலா என்று சொல்லும் பி மதிப்பும் வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே. ஆராய்ச்சிப் படிப்பின் முதல் வருடத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

பி.டி.என்.எஃப். பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூரான்கள் உயிரோடு இருக்கவும், கிளை விடவும், ஒன்றோடொன்று இணைப்பைப் பலப்படுத்தவும் உதவுகிற ஒரு சின்னப் புரதம். 1982இல் ஈவ்-அலைன் பார்ட், டேவிட் எட்கர், ஹான்ஸ் தோனன் மூவரும் பன்றி மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கிலோ மூளைக்கு ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறவில்லை. அவ்வளவு அபூர்வமான சரக்கை இன்று 96 குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் பிளேட்டில், ஒரே நாளில் அளந்துவிடலாம். 'அளந்துவிடலாம்' என்று அவ்வளவு சுலபமாக நான் எழுதுவது பழக்கதோஷம். கிட்டின் விளக்கத்தாளும் அப்படித்தான் சொல்லும்.

அந்தப் பிளேட்டில் செய்யும் சோதனைக்கு எலைசா என்று பெயர். அது வேலை செய்யும் விதம் எளிது. குழியின் அடியில் ஒரு ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். சாம்பிளில் இருக்கும் புரதத்தை அது பிடித்துக்கொள்ளும். மேலே இன்னொரு ஆன்டிபாடி வந்து உட்காரும். அதன் முதுகில் ஒரு என்சைம். கடைசியில் டி.எம்.பி. என்ற நிறமில்லாத திரவத்தை ஊற்றினால் என்சைம் அதை நீலமாக்கும். அமிலம் விட்டால் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். 450 நானோமீட்டரில் ரீடர் படிக்கும் அந்த மஞ்சளின் அடர்த்திக்குத்தான் ஓ.டி. என்று பெயர். பக்கத்தில் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகள் இருக்கும், அவற்றோடு ஒப்பிட்டால் எண் வந்துவிடும்.

எப்போதும் வந்துவிடும் என்பதுதான் இதில் சிக்கல். ஓ.டி. எதனால் வந்தது என்று ரீடருக்குத் தெரியாது. மஞ்சள் எங்கிருந்து வந்தாலும் அதை பிகோகிராமாக மாற்றிக் கொடுத்துவிடும்.

எங்கள் லேபில் கிட் வாங்குவதென்றால் லேசில் நடக்கிற காரியமில்லை. ஒரு கிட் அரை லட்சத்துக்கு மேல். மூன்று கொட்டேஷன், கைடு கையெழுத்து, கணக்குப் பிரிவில் இரண்டு வாரம், அப்புறம் வெளிநாட்டிலிருந்து ஐஸ் பேக்கோடு வந்து சேர ஆறேழு வாரம். ஆகவே ஒரு குழியைக்கூட வீணாக்கக் கூடாது என்பதே என் கொள்கையாக இருந்தது. கணக்குப் போட்டேன்: ஸ்டாண்டர்ட் ஏழு, புரதமே இல்லாத பிளாங்க் ஒன்று, இரண்டிரண்டாக 16 குழி. மீதி 80. இரண்டிரண்டாக 40 சாம்பிள். இருபது சீரம், அதே சுண்டெலிகளின் மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதியான ஹிப்போகாம்பஸ் இருபது. கச்சிதமாக நிரம்பியது. முதல் இரண்டு வரிசை ஸ்டாண்டர்ட், 3 முதல் 7 வரை கண்ட்ரோல், 8 முதல் 12 வரை ஸ்ட்ரெஸ். நோட்டில் கலர் பென்சிலால் தீட்டி வைத்திருந்தேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால், தப்பு அங்கேயே பச்சையும் சிவப்புமாக இருக்கிறது.

பிளேட் போட்ட நாள் நல்ல கத்திரி வெயில். ஏ.சி. இரண்டு நாளாக ஓடவில்லை. விளக்கத்தாளில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருக்கும் இடத்தில் அவர்கள் மனதில் இருப்பது 20லிருந்து 25 டிகிரி. எங்கள் அறை அன்று 33. எட்டு முனை மல்ட்டிசேனல் பிப்பெட் பக்கத்து லேபில் மாட்டிக்கொண்டிருந்தது. டி.எம்.பி.யை ஒற்றைப் பிப்பெட்டால் ஒவ்வொரு குழியாக விட்டேன். 96 குழிக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. விட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் வரிசையில் நீலம் ஏற ஆரம்பித்துவிட்டது. முதலில் குழியின் அடியில் ஒரு வளையம், பிறகு முழுக்க. அழகாக இருந்தது, ரசித்தேன். பதினைந்து நிமிடம் ஆவதற்குள் பக்கத்து லேப் தம்பி மல்ட்டிசேனலைக் கொண்டுவந்து கொடுத்தான். அமிலத்தை அதால் விட்டேன். முப்பது விநாடியில் பிளேட் முழுதும் மஞ்சள்.

அப்படி வந்ததுதான் 54, 46.

கைடு சார் மகிழ்ந்தார். மாநாட்டுக்குப் போஸ்டர் தயாரானது. ஃப்ளெக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, சுருட்டி, குழாயில் போட்டு வைத்தாயிற்று. லேபில் சீனியர் அக்கா ஒருவர் இருந்தார். தீசிஸ் எழுதிக்கொண்டிருந்ததால் எப்போதாவதுதான் வருவார். வந்தவர் போஸ்டரை விரித்துப் பார்த்தார். ஹிப்போகாம்பஸ் கிராஃபைத் தாண்டி சீரம் கிராஃபில் நின்றார்.

"ஓ.டி. எவ்வளவு வந்துச்சு?"

"0.12, 0.11 அக்கா."

"பிளாங்க்?"

"0.05."

"டைல்யூட் பண்ணிப் பார்த்தியாப்பா?"

இல்லை. விளக்கத்தாளில் சீரத்தை ஒன்றுக்குப் பாதி நீர்க்கச் சொல்லியிருந்தது, நீர்த்தேன். வேறு அளவில் நீர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் போஸ்டரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குள் இரண்டாவது கிட் வந்திருந்தது. பல கிட்டுகளில் பிளேட் எட்டுக் குழிப் பட்டைகளாகக் கழன்று வரும். மூன்று பட்டையை மட்டும் எடுத்து, மீதியை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையிலேயே மூடி வைத்தேன். ஒரு பட்டையில் ஸ்டாண்டர்ட். மற்ற இரண்டில் கண்ட்ரோல் சீரத்தைப் பாதி, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று) என்று நீர்த்து விட்டேன்.

சாம்பிளில் உண்மையிலேயே புரதம் இருந்தால் நீர்க்க நீர்க்க ஓ.டி. அதே விகிதத்தில் இறங்க வேண்டும். நீர்த்த மடங்கால் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். பாலில் தண்ணீர் கலந்தால் பாலின் மொத்த அளவு மாறாதல்லவா, அந்தக் கணக்குதான். எனக்கு வந்தது: பாதியில் 0.12, காலில் 0.11, அரைக்காலில் 0.10. பெருக்கினால் 54, 92, 154. தண்ணீர் ஊற்ற ஊற்றப் புரதம் கூடிக்கொண்டே போகும் அதிசயச் சுண்டெலி. அதாவது ஓ.டி.க்கும் பி.டி.என்.எஃப்.க்கும் சம்பந்தமே இல்லை. சீரத்தில் கொட்டிக்கிடக்கும் வேறு புரதங்கள் பிளாஸ்டிக்கிலும் ஆன்டிபாடியிலும் சும்மா ஒட்டிக்கொண்டு கொடுத்த போலி நிறம் அது.

அடுத்த சோதனையாக, அளவு தெரிந்த பி.டி.என்.எஃப்.ஐ நாமே சீரத்தில் கலந்துவிட்டு கிட் அதைத் திரும்பக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தேன். 200 பிகோகிராம் கலந்தேன். வெறும் பஃபரில் (சாம்பிளை நீர்க்கும் உப்புக் கரைசலில்) கலந்தது 190 என்று வந்தது. சுண்டெலி சீரத்தில் கலந்தது 120தான் கூடியது. 60 சதவீதம். 80லிருந்து 120 சதவீதத்துக்குள் திரும்பி வந்தால்தான் அந்தச் சாம்பிளில் அந்த கிட்டை நம்பலாம் என்பது பொதுவழக்கு. ஆக, இல்லாததைக் காட்டுகிறது, இருப்பதை மறைக்கிறது. இரண்டும் ஒரே குழியில்.

மூன்றாவது சோதனை அக்கா யோசனை. விலங்குக் கூடத்தில் வேறொருவர் செய்த ஆய்வில் மிஞ்சிய ரேட் சீரம் இருந்தது. ரேட் என்றால் சுண்டெலியல்ல, அதைவிடப் பெரிய எலி இனம். தமிழில் இரண்டையும் 'எலி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், லேப் பேச்சில் அது வம்பு. அந்தச் சீரத்தை அதே பட்டையில், அதே கிட்டில் விட்டேன். பாதியாக நீர்த்தால் ஓ.டி. பாதியானது. பெருக்கினால் எல்லாம் ஒரே எண். கிட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

அப்புறம்தான் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். வெட்கமாக இருந்தது. 1996லேயே ராட்கா என்பவரும் கூட்டாளிகளும் எழுதிவிட்டார்கள்: மனித சீரத்திலும் ரேட் சீரத்திலும் பி.டி.என்.எஃப். உண்டு, சுண்டெலி சீரத்தில் காணவில்லை. 2011இல் க்ளைன் குழு பல விலங்குகளின் இரத்தத்தையும் மூளையையும் ஒப்பிட்டபோதும் சுண்டெலி இரத்தத்தில் அகப்படவில்லை. காரணம் 2016இல் தெளிவானது. மனிதரிலும் ரேட்டிலும் இரத்தத்தில் இருக்கும் பி.டி.என்.எஃப். பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தம் உறையும்போது அவை அதைக் கொட்டுகின்றன. உறையவிடாமல் பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவைவிட சீரத்தில் பல மடங்கு அதிகம் வருவது அதனால்தான். அந்தத் தட்டணுக்களைப் பெற்றெடுக்கும் எலும்பு மஜ்ஜையின் பெரிய செல்களான மெகாகாரியோசைட்டுகள் மனிதரிலும் ரேட்டிலும் பி.டி.என்.எஃப். தயாரிக்கின்றன. சுண்டெலியில் தயாரிப்பதில்லை. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர், 1982இல் பன்றி மூளையோடு மல்லுக்கட்டிய அதே பார்ட்.

நான் தேடவே இல்லை என்று சொல்ல மாட்டேன், தேடினேன். 'சுண்டெலி சீரம் பி.டி.என்.எஃப். எலைசா' என்று தேடினால், எண் போட்ட கட்டுரைகள் நிறையவே கிடைக்கும். எனக்கு வேண்டியதும் அதுதானே, எடுத்துக்கொண்டேன். 'இல்லை' என்று சொல்லும் கட்டுரை வேண்டுமென்று யாரும் தேடுவதில்லை. கிட்டைக் குறை சொல்லவும் வழியில்லை. எந்தெந்தச் சாம்பிளில் சோதித்துப் பார்த்தோம் என்று அவர்கள் கொடுத்திருந்த பட்டியலில் 'சுண்டெலி சீரம்' என்ற சொல்லே கிடையாது. முதிர்ந்த பி.டி.என்.எஃப். மனிதன், சுண்டெலி, ரேட் மூன்றிலும் ஒரு அமினோ அமிலம்கூட மாறாமல் ஒன்றுதான், அதனால் மனித கிட்டே போதும் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மை. புரதம் ஒன்றுதான், ஆனால் அது மிதக்கும் குழம்பு ஒன்றல்ல.

அப்படியென்றால் 54க்கும் 46க்கும் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? புரதமே இல்லாத இரண்டு கூட்டத்துக்குள் புள்ளியியல் வித்தியாசம்! இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விடை கலர் பென்சில் படத்தில் இருந்தது. டி.எம்.பி.யை ஒற்றைப் பிப்பெட்டால் முதல் வரிசையிலிருந்து விட்டேன். அமிலத்தை மல்ட்டிசேனலால் ஒரே வீச்சில் விட்டேன். ஆக முதல் வரிசைகளுக்கு நிறம் வளரப் பதினைந்து நிமிடம் கிடைத்தது, கடைசி வரிசைக்குப் பதினொன்று. 33 டிகிரி சூட்டில் அந்த நான்கு நிமிடம் பெரிய நேரம். கண்ட்ரோல் எல்லாம் முன்னால், ஸ்ட்ரெஸ் எல்லாம் பின்னால். பிப்பெட் பிடித்த என் கையின் வேகத்தைத்தான் 'மன அழுத்தத்தின் விளைவு' என்று போஸ்டர் போட்டிருக்கிறேன்.

சீரம் போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. ஹிப்போகாம்பஸ் சாம்பிள்களும் அதே பிளேட்டில்தானே இருந்தன? மாநாட்டுக்கு ஐந்து நாள் இருந்தது. மீதிப் பட்டைகளில் இருபது ஹிப்போகாம்பஸையும் கலைத்துப் போட்டு மறுபடி செய்தேன். சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்த வரிசை. எந்தச் சாம்பிள் எதுவென்று தெரியாதபடி அக்காதான் குழாய்களுக்கு நம்பர் ஒட்டிக் கொடுத்தார். வித்தியாசம் பாதியாகச் சுருங்கியது. பி மதிப்பு 0.05ஐத் தாண்டிவிட்டது. சாரிடம் போய்ச் சொன்னபோது சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, சொன்னியே" என்றார். போஸ்டரில் சீரம் கிராஃபின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, ஹிப்போகாம்பஸ் கிராஃபைப் புதிதாக அச்சடித்து ஒட்டினேன். ஃப்ளெக்ஸில் பசை சரியாகப் பிடிக்காது. மாநாட்டு ஹாலில் ஃபேன் காற்றுக்கு அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஹிப்போகாம்பஸில் ஒரு நல்ல செய்தி உண்டு. அங்கே கிட் ஒழுங்காக வேலை செய்கிறது. நீர்த்தால் நேர்கோட்டில் இறங்குகிறது, கலந்த புரதம் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது. ஆனால் அது தானாக வரவில்லை, பஃபரைச் சரிசெய்த பிறகு வந்தது. முதலில் வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு புரதச் சோதனைக்கு வைத்திருந்த பஃபரிலேயே திசுவை அரைத்திருந்தேன். அதில் எஸ்.டி.எஸ். என்ற கடுமையான டிடர்ஜென்ட் இருந்தது. புரதத்தை விரித்துப் போடுவதுதான் அதன் வேலை, ஆன்டிபாடிகளையும் அது விடாது. அதனால் ட்ரைட்டான் என்ற மிதமான டிடர்ஜென்ட் 1 சதவீதம் போட்ட மென்மையான பஃபருக்கு மாறினேன். டி.டி.டி. (டைதயோதிரீட்டால்), மெர்காப்டோஎத்தனால் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அவை ஆன்டிபாடியின் சல்ஃபர் பிணைப்புகளை வெட்டும், பி.சி.ஏ. முறையில் மொத்தப் புரதம் அளப்பதையும் கெடுக்கும். கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று பஃபரில் சோடியம் அசைடு போட்டு வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது நிறம் கொடுக்கும் என்சைமையே முடக்கும். புரதத்தை வெட்டும் என்சைம்களைத் தடுக்கும் இன்ஹிபிட்டரான பி.எம்.எஸ்.எஃப். தண்ணீரில் சீக்கிரம் செத்துவிடும், அரைப்பதற்குச் சற்று முன்னால்தான் சேர்க்க வேண்டும். காலையில் கலந்த பஃபரை மாலையில் எடுத்து, 'இன்ஹிபிட்டர் போட்டாச்சே' என்று நிம்மதியாக இருந்த நாட்கள் எனக்கும் உண்டு.

சுண்டெலியின் முழு மூளையே அரை கிராமுக்குள்தான். இரண்டு பக்க ஹிப்போகாம்பஸும் சேர்ந்து சில பத்து மில்லிகிராம். ஐஸ் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் எடுத்து, உடனே திரவ நைட்ரஜனில் போட்டு, பிறகு எடை பார்க்க வேண்டும். எடை எழுதாமல் அரைத்துவிட்டால் அது போனதுதான். அரைத்ததைச் சுழற்றி, மேல்நீரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்துவிடுங்கள். ஒரே குழாயை நான்கு முறை உருக்கி உறைய வைத்தால் கடைசியில் என்ன அளக்கிறோம் என்பதே தெரியாது. கரெண்ட் கட்டாகும் ஊரில் அந்த உருகலை நாம் செய்யாவிட்டாலும் ஃப்ரீசர் செய்துவிடும், அதையும் நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

சில முறைகளில் சாம்பிளை அமிலத்தில் பி.எச். 3க்குக் கீழே கொண்டுபோய், கால் மணி நேரம் வைத்து, மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். ஏற்பிகளிலும் மற்ற புரதங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பி.டி.என்.எஃப்.ஐ விடுவிக்கத்தான். செய்வதென்றால் எல்லாச் சாம்பிளுக்கும் செய்யுங்கள். சேர்த்த கனஅளவையும் கணக்கில் எடுங்கள். நான் ஒரு முறை அதை மறந்தேன், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். கிட் முன்வடிவப் புரதத்தையும் (வெட்டப்பட்டு முதிர்ந்த பி.டி.என்.எஃப். ஆவதற்கு முந்தைய நீளமான வடிவத்தையும்) சேர்த்துப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். 32 கிலோடால்டன் முன்வடிவமும் 14 கிலோடால்டன் முதிர்ந்ததும் செல்லுக்குள் செய்யும் வேலை வேறு வேறு, பல இடங்களில் நேர் எதிர். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் கிட்டை வைத்து, 'குறைந்தது' என்று எதைச் சொல்வது?

ஒரு சின்ன வேடிக்கை. ரேட் மூளையில் அளப்பவர்கள், மூளைக்குள் தங்கிய இரத்தத்தின் பி.டி.என்.எஃப். சேர்ந்துவிடுமே என்று உப்புநீர் செலுத்தி இரத்தத்தைக் கழுவ வேண்டியிருக்கும். சுண்டெலிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. என் போஸ்டரைக் கெடுத்த அதே காரணம் இங்கே வேலையைக் குறைக்கிறது.

ஏ.சி. ஓடாத நாளில் இப்போது பிளேட் போடுவதில்லை. பஃபர், ஸ்டாண்டர்ட், பிளேட் மூன்றும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் தொடுவேன். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்தால் ஓரக் குழிகள் முதலில் சூடேறி ஒரு கதை சொல்லும், நடுக்குழிகள் வேறு கதை சொல்லும். மல்ட்டிசேனல் கையில் இல்லாவிட்டால் டி.எம்.பி. விட்ட அதே வரிசையில், அதே வேகத்தில், அதே ஒற்றைப் பிப்பெட்டால் அமிலம் விடுவேன். கழுவிய பிறகு டிஷ்யூ பேப்பரில் கவிழ்த்து ஓங்கித் தட்டுவேன், மெதுவாகத் தட்டினால் மிச்சத் துளி உள்ளேயே நிற்கும். புதிய சாம்பிள் வகை எதுவானாலும் முதல் மூன்று பட்டை நீர்ப்புச் சோதனைக்கும் கலந்து பார்ப்பதற்கும் போகும். அரை லட்ச ரூபாய் கிட்டில் கால்வாசி 'வீண்'. கணக்குப் பிரிவில் இதை விளக்க இன்னும் வழி தெரியவில்லை.

அந்த இருபது சீரக் குழாய்கள் ஃப்ரீசரில் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூறு மைக்ரோலிட்டருக்குக் கொஞ்சம் மேல். சுண்டெலியின் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரானை அதில் அளக்கலாம் என்று சார் சொன்னார். அதற்கான கிட் தலைகீழ் வகை, ஹார்மோன் கூடினால் நிறம் குறையும். முதல் வேலையாக நீர்த்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே எண்ணுக்கு வந்தது. கலந்து பார்த்தேன், 95 சதவீதம். குலுக்கிப் போட்டேன். ஸ்ட்ரெஸ் சுண்டெலிகளில் கார்ட்டிகோஸ்டீரான் தெளிவாகக் கூடியிருந்தது. அக்காவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

"நல்லதுப்பா. இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தே? அது காலையில கம்மியா இருக்கும், சாயங்காலம் ஏறும்."

நோட்டைப் புரட்டினேன். கண்ட்ரோல் பத்தும் காலை பத்தரைக்குள். ஸ்ட்ரெஸ் பத்தும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.